கந்தீசா கேட்ட அடிவாரம்

2000ஆம் ஆண்டின் கோடையில் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் காதில் விழுந்தது ‘அலைபாயுதே’தான். டீக்கடையிலும் சலூனிலும் காரமடை போகிற டவுன் பஸ்ஸிலும் ஊட்டிக்கு ஏறக் காத்திருந்த வேன்களிலும் ரஹ்மானின் இசையே ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில்தான் டெல்லியிலிருந்து ஒரு கேசட் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. சினிமாவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மொத்தமே ஏழு பாட்டு. பெயர் ‘கந்தீசா’. வாசித்தவர்கள் ‘இந்தியன் ஓஷன்’ என்ற நால்வர் குழு. வெளியிட்டது டைம்ஸ் மியூசிக்.

அந்தக் குழு பத்தாண்டு காலம் சிறிய அரங்குகளிலும் கல்லூரி விழாக்களிலும் வாசித்து வந்தது. நாடு முழுவதும் அவர்கள் பெயரைக் கொண்டு சேர்த்ததும், கடைகளில் அவர்கள் கேசட்டைக் கேட்டு வாங்க வைத்ததும் ‘கந்தீசா’தான். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பொறுமை மட்டுமே. சினிமாப் பாட்டின் அளவுக்குத் தங்கள் பாட்டை வெட்டிக் குறுக்கவில்லை. எல்லோருக்கும் புரிகிற ஒரே மொழியில் பாடவும் இல்லை. அப்படிப்பட்ட ஓர் இசை ஜெயிக்கும் என்பதை மலையடிவாரத்து ஊரில் உட்கார்ந்து கேட்ட தலைமுறை நாங்கள். வேலைக்காகப் பெங்களூர் வந்து, ஊருக்கு நான் விருந்தாளியாகிவிட்ட பிறகும், அந்தக் கேட்டல் மேல் எனக்குள்ள ஏக்கம் குறையவில்லை. கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

கேசட் வந்த வழியைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வனக்கல்லூரி இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1990இல் கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மாறி வந்தது. அகில இந்திய ஒதுக்கீட்டில் வடநாட்டுப் பையன்களும் கேரளத்துப் பையன்களும் அங்கே படிக்க வருவார்கள். சாயங்காலம் டவுனுக்கு வந்து டீ குடிப்பார்கள். டீக்கடை பெஞ்சில்தான் அவர்களோடு பழக்கமானோம். எங்களில் ஒருவன் பாக்கு மண்டியில் கணக்கு எழுதினான், ஒருவன் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தான். நான் பாசஞ்சர் ரயிலில் கோயம்புத்தூர் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போன ஒரு டெல்லிப் பையன், திரும்பும்போது பையில் போட்டுக்கொண்டு வந்ததுதான் அந்தக் கேசட். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்து இறங்கினான். அன்றைக்குப் பொழுதோடவே எங்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான்.

விடுதி அறையில் பிலிப்ஸ் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து முதல் தடவை கேட்டோம். கிட்டார் தெரிந்த எங்கள் நண்பன்தான் முதலில் நிமிர்ந்தான். சுஸ்மித் சென்னின் கிட்டாரில் சித்தாரின் சாயல் இருந்தது. மேற்கத்திய ராக் பாட்டுகளில் கேட்டுப் பழகிய அடி அதில் இல்லை. தந்தி அதிர்ந்து, நின்று, அடுத்த சுரத்துக்கு ஊர்ந்து போனது. ராகுல் ராமின் பேஸ் கிட்டார் பின்னணியில் ஒளிந்துகொள்ளாமல் பாட்டை முன்னால் நின்று இழுத்துப் போனது. அசீம் சக்ரவர்த்தி தபலாவையும் வாசித்துக்கொண்டு, அதே மூச்சில் பாடவும் செய்தார். அமித் கிலம் டிரம்ஸ் வாசித்தார். ‘கப்குபி’ என்ற வங்காளத்துத் தந்திக் கருவியையும் கையாளக் கூடியவர் அவர். நால்வரில் யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் என்று தோன்றவில்லை.

தலைப்புப் பாட்டு தொடங்கியபோது பாக்கு மண்டி நண்பன் கேட்டான்: “ஏனுங்ணா, இது என்ன பாஷைங்? இந்தியாட்டம் இல்லியே?” டெல்லிப் பையனுக்கும் தெரியவில்லை. அறை வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற கோட்டயத்துப் பையன்தான் வாயைக் கொப்புளித்துவிட்டு உள்ளே வந்தான். “எங்க அம்மச்சி பள்ளியில பாடுறதுடா இது” என்றான். பள்ளி என்றால் அவர்களுக்குச் சர்ச். கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வரும் சிரியாக் வழிபாட்டுப் பாட்டு அது. அரமேய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. டெல்லியில் நாலு பேர் அதை எடுத்துத் தங்கள் கிட்டாரோடும் தபலாவோடும் பாட, அது பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்கு வந்து, கோட்டயத்துப் பையனைக் கண் கலங்க வைத்தது. அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கூடப் பாடத் தொடங்கினான். பாட்டு ஏற ஏற அவன் குரலும் ஏறியது. நாங்கள் யாரும் பேசவில்லை. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அசீமின் குரலுக்கு அடியில் எனக்கு அவன் குரலும் கேட்கிறது.

இந்தியன் ஓஷனின் கதையைப் பிறகு தேடித் தேடித் தெரிந்துகொண்டோம். சுஸ்மித்தும் அசீமும் எண்பதுகளிலேயே சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். 1990இல் குழுவுக்கு உருவம் வந்தது. 1991இல் ராகுல் ராம் சேர்ந்தார். 1994இல் அமித் கிலம். முதல் தொகுப்பை 1993இல் எச்.எம்.வி. வெளியிட்டது. அடுத்தது ‘டெசர்ட் ரெயின்’. 1997 புத்தாண்டு நாளில் தெரு நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி நினைவாக டெல்லியில் சஹ்மத் அமைப்பு நடத்திய தெருக் கச்சேரியில் நேரடியாகப் பதிவானது. அதற்கும் மூன்றாண்டு கழித்துத்தான் ‘கந்தீசா’. கரோல் பாகில் கஜூர் சாலையில் ஒரு பழைய வீட்டில் நாள்தோறும் உட்கார்ந்து வாசித்து வாசித்து அந்தப் பாட்டுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். எழுதிவைத்த சுரக் குறிப்பைப் பார்த்து வாசித்த இசை போல அது கேட்காது. நாலு பேர் ஒருவரை ஒருவர் பல வருடம் கேட்டுப் பழகியதன் விளைவு அது. கேட்கிற காதுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

ராகுல் ராமைப் பற்றி வனக்கல்லூரி நண்பர்கள் பெருமையாகச் சொன்னது இன்னொன்று. அவர் தாவரவியல் அறிஞர் எச்.ஒய். மோகன் ராமின் மகன். தாவரவியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ராகுல் ராமும் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். பட்டத்தோடு திரும்பியவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நர்மதை அணைக்கு எதிரான இயக்கத்தில் போய் நின்றார். அங்கே ஆற்றங்கரை மக்களிடம் கேட்டு எடுத்து வந்ததுதான் ‘மா ரேவா’. ரேவா என்றால் நர்மதை. ஆற்றைத் தாயாக நினைத்து அந்தக் கரை மக்கள் பாடுகிற பாட்டு.

‘மா ரேவா’ எங்கள் ஊரில் வேறொரு இடத்தில் போய்த் தைத்தது. எங்களுக்கும் ஒரு ஆறு இருக்கிறது. நீலகிரியில் பிறந்து, சைலன்ட் வேலி, அட்டப்பாடி வழியாகக் கேரளத்தைச் சுற்றிவிட்டு, பில்லூர் அணை கடந்து மேட்டுப்பாளையத்துக்கு வருகிறது பவானி. கோயம்புத்தூர்ப் பக்கம் எத்தனையோ குடங்களை நிறைக்கிற தண்ணீர். அந்த ஆண்டுகளில் பவானிக்கு நல்ல காலம் இல்லை. ஆலைக் கழிவு கலந்து ஆறு நிறம் மாறியதையும், கீழ்ப்பக்கத்து விவசாயிகள் சங்கம் கட்டிப் போராடியதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவனின் அப்பா ஆற்றோரத்து ஆலையில் தொழிலாளி. இன்னொருவனின் அப்பா அதே ஆற்றுத் தண்ணீரில் வாழை வைத்தவர். ஆலை ஓடினால் ஒரு வீட்டில் அடுப்பு எரியும். ஆலை நின்றால் இன்னொரு வீட்டு வாழை பிழைக்கும். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ‘மா ரேவா’ கேட்டார்கள். அதுவரை அவர்கள் ஆற்றைப் பற்றிப் பேசினால் சண்டையில்தான் முடியும். அந்தப் பாட்டு ஓடிய நேரத்தில் ஆற்றைப் பற்றி இருவருக்கும் ஒரே கவலைதான் இருந்தது. பத்துத் துண்டறிக்கை செய்யாததை ஒரு பேஸ் கிட்டாரும் ஒரு நாட்டுப்புற மெட்டும் செய்ததைக் கண்ணால் பார்த்தேன்.

‘ஹில்லே லே’ என்ற பாட்டு கோரக் பாண்டே எழுதியது. போஜ்புரியில் எழுதிய புரட்சிக் கவிஞர் அவர், 1989இல் இறந்துபோனார். பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் ஊர்வலங்களில் அந்தப் பாட்டு பாடப்பட்டது. அதை ஒரு ராக் குழு கேசட்டில் போட்டு, ஒரு பெரிய கம்பெனி அதை நாடு முழுக்க விற்றது. சிரியாக் மொழியில் ஒரு வேண்டுதல், நர்மதைக் கரையிலிருந்து ஒரு தாய்ப்பாட்டு, போஜ்புரியில் ஒரு போராட்டப் பாட்டு, கஜுராஹோவின் பெயரில் நீண்ட இசை என்று எல்லாம் ஒரே நாடாவில் இருந்தன. இந்தியா என்பது எவ்வளவு பெரியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம். அதைக் காதால் உணர்ந்தது அந்த விடுதி அறையில்தான்.

யாரும் எதிர்பாராத ஓர் இசை ஜெயிப்பது உலகத்தில் இதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்து இளைஞர்களின் ‘நிர்வாணா’ குழு 1991 செப்டம்பர் 24இல் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பை வெளியிட்டது. கம்பெனி முதலில் ஐம்பதாயிரத்துக்கும் குறைவான பிரதிகளைத்தான் கடைகளுக்கு அனுப்பியது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ தொகுப்பையே கீழே தள்ளி பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. கோயம்புத்தூர்க் கல்லூரித் தோழர்கள் வழியாக அந்தக் கேசட்டும் எங்களுக்கு வந்தது. கேட்டு மயங்கினோம். ஆனாலும் அது அவர்கள் வீட்டுக் கோபம். வெளியே நின்று கேட்டோம். ‘கந்தீசா’ எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தது. நம் பக்கத்துச் சர்ச்சில் பாடுவது, நம் ஆற்றங்கரையில் பாடுவது, நம் ஊர்வலத்தில் பாடுவது எல்லாவற்றையும் மின்கிட்டாரோடு வைக்கலாம், வைத்தால் அது விற்கவும் செய்யும் என்று காட்டியது.

கேசட் கைமாறிக் கைமாறித் தேய்ந்துவிடும் என்ற பயத்தில், ஊரிலிருந்த ரெக்கார்டிங் சென்டருக்குக் கொண்டுபோனோம். பாட்டுப் பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பதிந்து தருகிற கடை. கல்யாண வீட்டு நாதஸ்வரம் முதல் முருகன் பாட்டு வரை எல்லாம் அங்கே பதிவாகும். கடைக்கார அண்ணன் டபுள் டெக்கில் போட்டு முதல் பாட்டை முழுசாகக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “ஏழே பாட்டுதானுங் தம்பி. நைன்ட்டி கேசட்ல மிச்சம் நெறைய எடம் நிக்குதே, அதுக்கு என்ன போடட்டுங்?” என்றார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரே யோசித்து, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து சிலவற்றைப் பதிந்து கொடுத்தார். 1986இல் வந்த, சினிமாவைச் சேராத வாத்திய இசை. “ரெண்டும் ஒறம்பறதானுங்” என்பது அவர் சொன்ன விளக்கம். ஒறம்பற என்றால் எங்கள் பக்கம் உறவு. அதன் பிறகு யார் கேட்டாலும் அந்தச் சேர்க்கையையே பதிந்து தந்தார். ஆகவே மேட்டுப்பாளையத்தில் ‘கந்தீசா’ கேட்ட பலருக்கும் அதன் கடைசிப் பாட்டு முடிந்ததும் ராஜாவின் வயலின்கள் தொடங்கும். இன்றைக்கும் கைபேசியில் அந்தத் தொகுப்பைக் கேட்டு முடித்தால், வராத அந்த வயலினுக்காக என் காது காத்திருக்கிறது.

அந்தக் கடை இப்போது இல்லை. கேசட் போய் சிடி வந்து, சிடி போய் மெமரி கார்டு வந்து, அதற்கும் வேலை இல்லாமல் போனது. அந்த அண்ணனுக்கு இசையில் எந்தப் பட்டமும் கிடையாது. அவர் சேர்த்துவைத்த இரண்டையும் எந்தக் கணினியும் எனக்காகச் சேர்த்துத் தந்ததில்லை. பாட்டைக் கொடுக்கிற ஆளும் பாட்டை முழுசாகக் கேட்டிருந்த காலம் அது. அதைத்தான் நான் தேடுகிறேன்.

கேட்கிற முறையும் வேறாக இருந்தது. பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமானால் நாடாவை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பாட்டையே கேட்டுவிடலாம் என்று இருந்துவிடுவோம். அப்படி இருந்துவிட்டதால் பிடித்துப்போன பாட்டுகள் எத்தனையோ. ‘கஜுராஹோ’ முதலில் எங்களுக்கு நீளமாகப்பட்டது. மழைக்காலத்தில் மின்சாரம் வந்து வந்து போன ஒரு ராத்திரியில், பேட்டரி போட்டு, சத்தத்தைக் குறைத்து அதைக் கேட்டோம். மலையில் பெய்த மழை கல்லாற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தது. அவசரம் இல்லாத இசைக்கு அவசரம் இல்லாத ஊர் வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. குன்னூருக்குப் பல் சக்கரத்தில் மூச்சு வாங்கி ஏறுகிற ரயில் 1899இலிருந்து ஓடுகிற ஊர் அது. மெதுவாகப் போனாலும் உச்சிக்குப் போய்ச் சேரலாம் என்பது எங்களுக்குத் தெரிந்த பாடம்.

அந்தக் கேசட்டின் விளைவாக எங்கள் கூட்டத்திலும் ஒரு குழு பிறந்தது. ஆர்கெஸ்ட்ரா கிட்டார் நண்பன்தான் தலைவன். கோயில் திருவிழாக்களில் ஜமாப் மேளம் அடிக்கிற பையன் ஒருவன் காரமடைப் பக்கத்திலிருந்து வந்தான். கும்மிப் பாட்டு தெரிந்த ஓர் அம்மாவிடம் போய் உட்கார்ந்து மெட்டுகளைக் கேட்டு வந்தோம். “என்ன சாமி, இதையெல்லாம் போயிக் கேட்டுக்கிட்டு” என்று வெட்கப்பட்டவர், இரண்டாவது பாட்டில் எழுந்து நின்று கை தட்டிக் காட்டினார். நெல்லித்துறைப் பக்கம் இருளர் ஊர் ஒன்றில் திருவிழா ராத்திரியில் குழலும் தோல்கருவிகளும் சேர்ந்து கிளம்புவதைக் கேட்டோம். ஒரே சுழற்சியில் பொழுது விடியும்வரை போகிற தாளம் அது. ‘மா ரேவா’வில் நாங்கள் அதிசயப்பட்ட அந்தச் சுழற்சி, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது.

உருளைக்கிழங்கு மண்டியின் கிடங்கு ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக இருக்கும். அங்கே மூட்டைகளின் மண்வாசனைக்கு நடுவில் பழகினோம். ஜமாப்பின் சத்தத்துக்கு முன்னால் கிட்டார் கேட்கவே கேட்காது. ஜமாப் பையன் கையைத் தளர்த்தி, விரல் நுனியால் அடிக்கக் கற்றுக்கொண்டான். கிட்டார் நண்பன் சினிமா மெட்டின் பழக்கத்தை விட்டுவிட்டு, கும்மியின் அடிக்கு இடம் விட்டு வாசிக்கப் பழகினான். பவானியைப் பற்றி ஒரு பாட்டு மெல்ல உருவானது. ஆலைத் தொழிலாளியின் மகனும் வாழைக்காரரின் மகனும் சேர்ந்து எழுதிய சொற்கள். அந்தப் பாட்டின் நடுவில் எல்லோரும் நிறுத்த, ஜமாப் மட்டும் தனியாகப் போகும் ஓர் இடம் உண்டு. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அது பதிவாகவில்லை. பதிவு செய்ய அப்போது ஸ்டுடியோ வேண்டும், ஸ்டுடியோவுக்குக் காசு வேண்டும். ஆலை மூடியது, ஆலைத் தொழிலாளியின் குடும்பம் திருப்பூருக்குப் போனது. எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. வனக்கல்லூரிப் பையன்கள் படிப்பு முடிந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். கிட்டார் நண்பன் கல்யாண ரிசப்ஷன்களில் தொடர்ந்து வாசித்தான். ஜமாப் பையன் இன்றும் திருவிழாக்களில் அடிக்கிறான், அவன் மகனும் கூட அடிக்கிறான். எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. வாழ்க்கை ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டது, போனோம்.

இந்தியன் ஓஷனும் காலத்தின் கையிலிருந்து தப்பவில்லை. 2003இல் ‘ஜினி’ வந்தது. அனுராக் காஷ்யப்பின் ‘பிளாக் ஃப்ரைடே’ படத்துக்கு அவர்கள் போட்ட இசை, படம் திரைக்கு வருவதற்கு முன்பே இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2009 டிசம்பர் 25இல் அசீம் சக்ரவர்த்தி இறந்தார். மாரடைப்பு. அவர் குரலும் கையும் பதிவான கடைசிப் பாட்டுகளை 2010இல் ‘16/330 கஜூர் ரோடு’ என்ற பெயரில், தாங்கள் பழகிய அந்த வீட்டின் முகவரியையே தலைப்பாக வைத்து, மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். 2013இல் சுஸ்மித் சென் விலகினார். ராகுல் ராமும் அமித் கிலமும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு இன்றும் மேடையேறுகிறார்கள். பெங்களூரில் ஒரு கச்சேரியில் அவர்களைக் கேட்டேன். தலைப்புப் பாட்டு தொடங்கியதும் கூட்டம் முழுவதும், சொற்களின் பொருள் தெரியாமலே, கூடப் பாடியது. நானும் பாடினேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் அன்னியர்கள். எனக்குக் கோட்டயத்துப் பையன் பக்கத்தில் வேண்டும்போல இருந்தது.

எங்களுக்குக் கைகூடாதது மற்ற இடங்களில் கைகூடியதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். கேரளத்தின் ‘அவியல்’ குழு 2008இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. மலையாளத்தில் மாற்று ராக் இசை என்று தயங்காமல் சொல்லிக்கொண்டார்கள். நாட்டுப்புற மெட்டும் கனத்த கிட்டாரும் அதில் உறவாடின. சென்னையில் 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது, கானாவும் பறையும் கிட்டாரோடு சரிசமமாக நின்றன. 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ சினிமாவின் துணை இல்லாமலே உலகத் தமிழர் வாயில் ஏறியது. எல்லாவற்றையும் விட எனக்கு நெருக்கமானது நஞ்சியம்மாவின் வெற்றி. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி. ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் தன் மொழியில் பாடிய பாட்டுக்காக 2022இல் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது அறிவிக்கப்பட்டது. எங்கள் ஊரைத் தொடும் முன் பவானி அட்டப்பாடி வழியாகத்தான் வருகிறது. அவர் குரலில் இருந்த சுழற்சி, நெல்லித்துறைப் பக்கத்து ராத்திரியில் நாங்கள் கேட்ட அதே சுழற்சி. அந்தச் செய்தி வந்த நாளில் கிட்டார் நண்பனுக்குப் போன் செய்தேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு, “நம்ம பாட்டு உனக்கு இன்னும் ஞாபகம் இருக்குதா?” என்று கேட்டான். முதல் அடியைப் பாடிக் காட்டினேன். அடுத்த அடியை அவன் பாடினான்.

ஒரு குழுவின் வணிக வெற்றி என்றால் விற்ற கேசட்டின் எண்ணிக்கை என்றுதான் சொல்வார்கள். ‘கந்தீசா’வின் வெற்றியை நான் வேறு விதமாக அளக்கிறேன். கரோல் பாகில் ஒரு வீட்டில் நாலு பேர் பிடிவாதமாகத் தங்கள் இசையை வாசித்ததனால், அவர்கள் வந்தே பார்த்திராத மேட்டுப்பாளையத்தில் ஒரு கும்மிப் பாட்டுக்கார அம்மாவின் வாசலில் சில பையன்கள் போய் உட்கார்ந்தார்கள். தங்கள் ஊர்ப் பாட்டுக்கும் உலகத்தில் இடம் உண்டு என்று நம்பினார்கள். ஓர் இசைத் தொகுப்பு செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்போது மேட்டுப்பாளையத்திலும் காரமடையிலும் சிறுமுகையிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்குக் கிடைக்காத ஸ்டுடியோ உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. வள்ளி கும்மி ஆடுகிறவர்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். ஜமாப் அடிக்கிற கைகள் இன்னும் ஓயவில்லை. இருளர் ஊர்ப் பெரியவர்களிடம் மரியாதையோடு போய், அவர்கள் சம்மதத்தோடும் அவர்கள் பெயரோடும் கேட்டால், பாட மாட்டோம் என்று சொல்ல மாட்டார்கள். பவானி இன்னும் ஓடுகிறது. அவளுக்கு ஒரு தொகுப்பு போடுங்கள். நீளமாக இருந்தால் இருக்கட்டும், வெட்டாதீர்கள். ஏழு பாட்டு போதும்.